கட்டிலருகே தொங்கும் மணி

மருத்துவமனைக் கட்டிலின் தலைமாட்டில் ஒரு சிறிய பொத்தான் தொங்கிக்கொண்டிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நோயாளியைப் பார்க்கப் போகிற நாம், கொண்டுபோன பழங்களை மேசைமேல் வைத்து, நலம் விசாரித்து, ஜெபித்துவிட்டுத் திரும்புகிறோம். அந்தப் பொத்தானைக் கவனிப்பதில்லை. ஆனால் பார்வையாளர் நேரம் முடிந்து, விளக்குகள் அணைந்து, வார்டு அமைதியாகும்போது, படுத்திருக்கிறவருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே குரல் அதுதான். அதை அழுத்தினால் யாராவது வருவார்கள் என்ற நம்பிக்கையோடுதான் அவர் கண்களை மூடுகிறார். இந்த வாரம் அந்தப் பொத்தானைப் பற்றியும், அதன் மறுமுனையில் நிற்கும் செவிலியரைப் பற்றியும் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

வியாதியஸ்தரை விசாரிக்கும் ஊழியத்தில் பல மருத்துவமனைகளுக்குப் போய்வந்திருக்கிறேன். நம் ஊர் வார்டுகள் பலவற்றில் மணி என்பது உறவினர்தான். டிரிப்ஸ் பாட்டில் தீரும் நிலைக்கு வந்தால் கட்டிலருகே உட்கார்ந்திருக்கும் மகளோ மருமகளோ எழுந்து ஓடுகிறார். நர்ஸ் ஸ்டேஷனில் சிஸ்டர் இல்லை. வேறொரு கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார். அங்கே போய்ச் சொன்னால், "வருகிறேன் அம்மா" என்கிறார். அதற்குள் இன்னும் இருவர் அவரைத் தேடி வந்து நிற்கிறார்கள். கேட்டதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு அவர் ஒவ்வொன்றாகச் செய்கிறார். கூட இருக்க ஆள் இல்லாத நோயாளியின் நிலை என்ன?

அறுவை சிகிச்சை முடிந்து தனியறையில் இருந்த ஒரு மூதாட்டி ஒருமுறை என்னிடம் சொன்னார்: "ஐயா, மூன்று தடவை மணி அடித்தேன். வலியைப் பொறுத்துக்கொண்டேன். நான் கூப்பிட்டது யாருக்காவது கேட்டதா இல்லையா என்று தெரியாமல் கிடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை." அன்றிரவு அந்தத் தளத்தில் பணியில் இருந்த செவிலியர் அலட்சியமாக இருக்கவில்லை. மறுகோடி அறையில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த ஒருவரை விட்டு அவரால் நகர முடியவில்லை. அறை வாசலில் எரிந்த சிவப்பு விளக்கு அங்கிருந்து அவர் கண்ணுக்குத் தெரியாது. ஒருவர் அழைத்துக்கொண்டே இருந்தார். மற்றவர் உழைத்துக்கொண்டே இருந்தார். இருவருக்கும் நடுவே செய்தியைக் கொண்டுபோக எதுவும் இல்லை.

இந்தக் குறையை முதலில் தெளிவாகக் கண்டவர்களில் ஒருவர் ஒரு செவிலியரே. 1853-ஆம் ஆண்டு லண்டனில், அப்பர் ஹார்லி தெருவில் நோயுற்ற பெண்களுக்கான ஒரு சிறிய இல்லத்திற்கு மேற்பார்வையாளராகப் பொறுப்பேற்க இருந்தார் 33 வயதான ஃபுளாரன்ஸ் நைட்டிங்கேல். கிரிமியப் போரும் அவரைப் புகழ்பெறச் செய்த விளக்கும் அதற்குப் பின்னர்தான் வந்தன. அந்த ஜூன் மாதம் அவர் கேனிங் சீமாட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். (பின்னாளில் இந்தியாவின் தலைமை ஆளுநராக வந்த கேனிங் பிரபுவின் மனைவி இவர்.) அதில் ஒவ்வொரு மாடிக்கும் சுடுநீர்க் குழாய் வேண்டும் என்றார்; உணவை மேலேற்ற ஓர் ஏற்றி வேண்டும் என்றார். நோயாளிகளின் மணிகள் எல்லாம் அந்தந்த மாடியில் செவிலியின் அறைக்கு வெளியே ஒலிக்க வேண்டும் என்றும் கேட்டார். மணி ஒலித்தவுடன் அதற்குரிய சிறு மூடி ஒன்று திறந்து, திறந்தபடியே நிற்க வேண்டும். அழைத்தவர் யார் என்பதைச் செவிலி அதைப் பார்த்து அறிவார். இப்படி ஓர் ஏற்பாடு இல்லாவிட்டால் செவிலி வெறும் ஒரு ஜோடிக் கால்களாகிவிடுவார் என்பது அவர் சொன்ன காரணம்.

அந்தச் சிறு மூடியைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மணியோசை ஒரு நொடியில் அடங்கிப்போகும். செவிலி அந்த நொடியில் வேறிடத்தில் இருந்தால் அழைப்பும் அதனோடு அழிந்துபோகும். திறந்து நிற்கும் மூடியோ, "இந்த அறையில் ஒருவர் உன்னைக் கேட்டார்" என்று அவர் வரும்வரை சொல்லிக்கொண்டிருக்கும். அழைப்பு தொலைந்துபோகக் கூடாது, செவிலியின் கால்கள் வீணாக அலையக் கூடாது என்ற இரண்டு நோக்கங்களும் அதில் அடங்கியிருந்தன. இன்று மருத்துவமனைகளுக்கு வரும் ஒவ்வொரு தொடர்புக் கருவியையும் இந்த இரண்டையும் கொண்டே அளந்து பார்க்கலாம்.

கால்களின் அலைச்சல் 155 ஆண்டுகளுக்குப் பிறகும் தீர்ந்துவிடவில்லை. அமெரிக்காவில் 36 மருத்துவமனைகளில் 767 செவிலியர் தங்கள் பணிநேரத்தை எவ்வாறு செலவிடுகிறார்கள் என்று அளந்த ஆய்வொன்று 2008-இல் வெளிவந்தது. பத்து மணிநேரப் பகற்பணியில் அவர்கள் ஒரு மைல் முதல் ஐந்து மைல் வரை நடந்தார்கள். செவிலியப் பணிக்குச் செலவான நேரத்தில் 35 சதவீதத்திற்கும் மேல் குறிப்புகள் எழுதுவதில் போயிற்று. மற்றவர்களோடு பேசி ஒருங்கிணைப்பதில் 20 சதவீதத்திற்குச் சற்று மேல் போயிற்று. நோயாளியின் நேரடிப் பராமரிப்புக்குக் கிடைத்ததோ 20 சதவீதத்திற்கும் குறைவு. எந்த வேலைக்காக ஒருவர் இந்தப் பணிக்கு வந்தாரோ, அந்த வேலைக்கு நாளில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

இதற்குக் காரணம் சோம்பல் அல்ல. ஒரு நோயாளியின் இரத்த அழுத்தம் இரவில் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செவிலியர் நர்ஸ் ஸ்டேஷனுக்கு நடந்துபோய் மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்கிறார். மருத்துவர் வேறொரு வார்டில் இருக்கிறார். செய்தி சொல்லி வைக்கப்படுகிறது. அவர் திரும்ப அழைக்கும்போது எடுத்துப் பேச வேண்டுமே என்று செவிலியர் தொலைபேசியின் அருகே காத்திருக்கிறார். காத்திருந்தால் நோயாளி தனியே விடப்படுகிறார். நோயாளியிடம் போனால் மருத்துவரின் அழைப்பு தவறிப்போகிறது. அந்தச் சில நிமிடங்களில் ஓர் உயிர் ஊசலாடக்கூடும்.

இந்த இடத்தில்தான் புதிய கருவிகள் உண்மையான உதவி செய்கின்றன. நோயாளி பொத்தானை அழுத்தியதும், அவருக்குப் பொறுப்பான செவிலியரின் கையிலுள்ள கைபேசிக்கே அழைப்பு போகிறது. அவர் எடுக்காவிட்டால், குறித்த நேரத்திற்குப் பின் அது தானாகவே அடுத்த செவிலியருக்குச் செல்கிறது. சில மருத்துவமனைகளில் செவிலியர் கழுத்தில் ஒரு சிறு கருவியை அணிந்திருக்கிறார்கள். ஒரு பெயரைச் சொன்னால் போதும். கையுறையைக் கழற்றாமல், நோயாளியின் கையை விடாமல், மருத்துவரோடு பேசிவிட முடிகிறது. "கேட்டேன் அம்மா, ஐந்து நிமிடத்தில் வருகிறேன்" என்று கட்டிலருகே ஒரு குரல் ஒலித்தால், அந்த ஐந்து நிமிடத்தின் தன்மையே மாறிவிடுகிறது. வலி அப்படியே இருக்கலாம், தனிமை அகன்றுவிடுகிறது.

செய்தி சரியாகப் போய்ச் சேர்வதும் தொடர்புதான். மருத்துவர் எழுதிய மருந்து, மருந்தகம் அனுப்பிய மருந்து, செவிலியர் கொடுக்கும் மருந்து ஆகிய மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். 1992-இல் அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில், டொபீகா நகரிலுள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையின் செவிலியரான சூ கின்னிக், வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது ஊழியர் ஒரு கையடக்கக் கருவியால் பட்டைக்குறியீட்டைப் படிப்பதைக் கண்டார். காருக்குச் செய்வதை மருந்துக்கும் செய்யலாமே என்று எண்ணினார். நோயாளியின் கைப்பட்டையையும் மருந்தின் உறையையும் படித்துப் பொருந்துகிறதா என்று சோதிக்கும் முறை அந்த எண்ணத்திலிருந்து வளர்ந்தது. பாஸ்டன் நகரில் பிரிகம் மருத்துவமனையில் இம்முறையைக் குறித்து நடந்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. மருந்து கொடுப்பதில் நேரம் தவறுவது நீங்கலான மற்றப் பிழைகள் 11.5 சதவீதத்திலிருந்து 6.8 சதவீதமாகக் குறைந்தன. மருத்துவரின் ஆணையைப் பெயர்த்தெழுதும்போது நேரும் பிழைகள் முற்றிலும் நீங்கின. ஹார்லி தெருவின் மணியும் டொபீகாவின் பட்டைக்குறியீடும் கட்டிலருகே நின்றவர்களின் சிந்தையில் பிறந்தவை என்பதை மறவாதிருப்போம்.

ஆனால், பிரியமானவர்களே, கருவி பெருகினால் கவனிப்பும் பெருகும் என்று நாம் எளிதாக முடிவு செய்துவிடக் கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும், உள்ளே எத்தனை ஒலிகள் என்று. இதயத்துடிப்பைக் காட்டும் கருவி, மருந்து செலுத்தும் பம்ப், சுவாசக் கருவி என ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒலிக்கிறது. அமெரிக்க மருத்துவமனைகளைச் சோதித்துச் சான்றளிக்கும் ஜாயின்ட் கமிஷன் என்னும் அமைப்பு 2013-இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை, எச்சரிக்கை ஒலிகள் தொடர்பான 98 நிகழ்வுகள் அதற்குத் தெரிவிக்கப்பட்டிருந்தன; அவற்றில் 80 மரணத்தில் முடிந்தன. ஒலிகளில் 85 முதல் 99 சதவீதம் வரை எந்தச் சிகிச்சையும் தேவைப்படாதவை என்றும் அது சுட்டிக்காட்டியது. வீணான ஒலிகளை நாள்முழுதும் கேட்டுப் பழகிய செவி, மெய்யான கூக்குரலையும் அவற்றுள் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. எல்லாமே அழைத்தால் எதுவும் அழைப்பாக இராது.

இதற்கும் தீர்வு உண்டு. பாஸ்டன் மருத்துவ மையத்தின் இதய நோயாளர் பிரிவொன்றில், செயல் எதையும் வேண்டாத ஒலிகளை நிறுத்தினார்கள். முக்கியமானவற்றை உடனே கவனிக்க வேண்டிய நிலைக்கு உயர்த்தினார்கள். நோயாளிக்கேற்ப எல்லைகளை மாற்றியமைக்கச் செவிலியருக்கே அனுமதி அளித்தார்கள். வாரத்திற்கு ஏறத்தாழ 88 ஆயிரமாக இருந்த ஒலிகள் 10 ஆயிரத்திற்கும் கீழே இறங்கின. இதற்குப் புதிய இயந்திரம் எதையும் கொண்டுவரவில்லை. எந்த ஒலிக்குப் பொருள் உண்டு என்று கட்டிலருகே நிற்கிறவர்களைக் கேட்டு முடிவு செய்தார்கள்.

எரிகோவின் வழியோரத்தில் கூப்பிட்ட பர்திமேயுவை நாம் அறிவோம். சுற்றியிருந்த இரைச்சலில் அவன் குரலும் ஓர் இரைச்சலாகவே மற்றவர்களுக்குத் தோன்றியது. பேசாதிருக்கும்படி அவனை அதட்டினார்கள். ஆண்டவரோ நின்றார், அவனை அழைத்துவரச் சொன்னார், அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். திரளின் ஓசையிலிருந்து ஒருவனுடைய குரலைப் பிரித்தறிந்து, அதற்காக நின்று, கேட்பது: நல்ல செவிலியர் ஒவ்வொரு பணிநேரத்திலும் செய்கிற காரியம் இதுவே. கருவி அந்தக் குரலைக் கொண்டுவந்து சேர்க்கலாம். நின்று கேட்பது மனிதரின் வேலை.

ஆகவே நாம் செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்ல விரும்புகிறேன். வார்டில் ஒரு செவிலியர் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றால், "நோயாளியைக் கவனிக்காமல் போன் பார்க்கிறாள்" என்று உடனே குறைசொல்லாதிருங்கள். அவர் படித்துக்கொண்டிருப்பது உங்கள் தகப்பனாரின் பரிசோதனை முடிவாக இருக்கலாம். உங்கள் வீட்டார் மருத்துவமனையில் சேர்ந்தால், மணி எங்கே இருக்கிறது, வேலை செய்கிறதா என்று முதல் நாளே கேட்டு அறியுங்கள். பக்கவாதத்தால் வலக்கை அசையாதவருக்கு மணியை வலப்பக்கம் மாட்டிவிட்டால் அது இருந்தும் இல்லாததே. அசைகிற கைக்கு எட்டும்படி வையுங்கள். கருவியின் ஒலி தொந்தரவாக இருக்கிறதென்று நீங்களே அதை அணைத்துவிடாதீர்கள். செவிலியரை அழைத்தால் கட்டில் எண், பெயர், என்ன மாற்றம், எப்போதிலிருந்து என்பவற்றைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். அது அவருடைய ஒரு நடையை மிச்சப்படுத்தும். மருத்துவமனை நிர்வாகக் குழுக்களில் பொறுப்பு வகிக்கிறவர்களும் நம்மிடையே இருக்கிறீர்கள். ஒரு கருவியை வாங்குமுன், அதை இரவெல்லாம் சுமக்கப்போகிற செவிலியரை உட்காரவைத்துக் கேளுங்கள். அது அவர்களைக் கட்டிலண்டை சேர்க்குமா, இன்னொரு திரைமுன் நிறுத்துமா என்று அவர்களுக்குத் தெரியும். இரண்டு பேர் செய்யவேண்டிய வேலையை ஒருவர் செய்வதற்கு எந்தக் கருவியும் சாக்காகிவிடக் கூடாது.

நம் சபையில் ஞாயிறு ஆராதனைக்கு வரமுடியாமல் இரவுப் பணி முடித்து உறங்கும் செவிலியர் உண்டு. இந்த வாரம் அவர்களில் ஒருவரையாவது சந்தித்து, நேற்றிரவு எப்படி இருந்தது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு விரைந்து நகராமல், அவர் சொல்லி முடிக்கும்வரை நில்லுங்கள். எத்தனையோ பேரின் அழைப்பைக் கேட்கிறவர்களுக்கும் தங்கள் களைப்பைக் கேட்க ஒருவர் வேண்டும்.

இந்த இரவிலும் ஏதோ ஒரு வார்டில் மணியை அழுத்திக் காத்திருக்கிறவர்களையும், அவர்களை நோக்கி நடந்துகொண்டிருக்கிறவர்களையும் கர்த்தர் தாமே தாங்குவாராக. ஆமென்.