குளத்தளவும் குடியளவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பெருகிய சனத்தொகைக்கும் வேலையின்மைக்கும் பரிகாரமாக, இரணைமடுக் குளத்தின் தண்ணீரை நம்பி 1936இல் உருவாக்கப்பட்ட குடியேற்றமே கிளிநொச்சி. ஆதலால், முதலிலே குளம், அடுத்து வாய்க்கால், அதன் பின்னரே காணியும் வீடும் என்ற கிரமம், அங்கே பிறந்து வளர்ந்த எங்களுக்கு எவரும் போதியாமலே சித்தத்திற் பதிந்துவிட்டது. அத்தகைய ஒருவன் சிட்னி மாநகரின் மேற்குப் புறத்திலே குடியேறி, மேய்ச்சல் நிலங்களெல்லாம் ஆண்டுதோறும் வீட்டுக் கூரைகளாக மாறுவதைக் காணும்போது, இத்தனை குடிகளுக்கும் எந்தக் குளம் தண்ணீர் தரும் என்று விசாரிப்பது இயல்பேயாகும்.

அந்தக் குளத்தின் பெயர் வரகம்பா. 1960இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையே, ஐம்பது இலட்சத்தைக் கடந்துவிட்ட இந்நகர மக்களின் தண்ணீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை அளிக்கின்றது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நீடித்த வரட்சியினால், 2007இல் நகரின் நீர்த்தேக்கங்களின் இருப்பு மூன்றிலொரு பங்களவுக்கு இறங்கியது. சமுத்திரத்தையே குடிநீராக்குவதைத் தவிர வேறு மார்க்கமில்லை என்று அரசாங்கம் துணிந்து, நகரின் கடற்கரையிலுள்ள கேர்னெலில் அமைத்த ஆலை, 2010 முதல் நாளொன்றுக்கு 25 கோடி லீற்றர் தரவல்லதாயிற்று. ஆயினும் அது நகரின் தேவையில் சுமார் 15 சதவீதமே.

திட்டமிடுவோர் இங்கே இல்லாமலில்லை. 1948இலேயே கம்பர்லாந்துத் திட்டம் நகரைச் சுற்றிப் பசுமை வளையமொன்றை வகுத்தது; சனப்பெருக்கத்தின் நெருக்குதலால் பின்னர் அது கைவிடப்பட்டு, வளையத்துக்குரிய நிலத்திற் பெரும்பகுதியும் வீடுகளாயிற்று. 2056இல் 80 இலட்சம் பேரை எதிர்பார்த்து 2018இல் வெளியான பிராந்தியத் திட்டமோ, சிட்னியை மூன்று நகரங்களாகப் பாவித்து, பெரும்பாலானோர் அரை மணி நேரத்தில் தொழிலிடத்தை அடையலாம் என்ற இலட்சியத்தை முன்வைத்தது. இலட்சியம் உத்தமமானதே. எனினும், கடற்காற்று வீசும் கிழக்குப் புறநகர்கள் பல தங்கள் தாழ்ந்த வீடுகளையும் பழைய தெருக்களையும் பத்திரமாகக் காத்துக்கொள்ள, புதிய குடிகளிற் பெரும்பாலார் மேற்கே தள்ளப்பட்டனர். அந்த மேற்கிலுள்ள பென்ரித்திலேதான் 2020 ஜனவரி 4ஆம் திகதி வெப்பம் 48.9 பாகை செல்சியஸாகப் பதிவாயிற்று. அந்த மேற்கிலேதான் 2021லும் 2022லும் ஹோக்ஸ்பரி ஆறு பெருகி, வெள்ளச் சமவெளியில் எழுந்த வீடுகளுக்குள் புகுந்தது.

இவற்றைக் காரணங்காட்டி, வாசலை அடைத்துவிட வேண்டும் என்று சொல்வோர் பெருகுகின்றனர். விசித்திரம் என்னவெனில், நம்மவருள்ளும் அவ்வாறு பேசுவோர் உளர். "இனி வாற ஆக்களை நிப்பாட்ட வேணும், அண்ணை" என்று, வீட்டுக்கடனை அடைத்து முடித்த ஒருவர், மேற்குப் புறநகரான ரூங்காபியில் ஒரு கலியாணப் பந்தியிலே என்னிடம் சொன்னார். நாங்களும் வந்தவர்களே என்பதை அவர் மறந்தாரல்லர். தாம் ஏறிய பின் ஏணியை எடுத்துவிடலாம் என்று கருதினார்.

இரணைமடுவின் கீழ்ச் சிறுபோகம் செய்வோர் வேறு விதமாக யோசித்தார்கள். குளத்திலே எத்தனை அடி தண்ணீர் நிற்கின்றது என்று பார்த்து, அதற்கேற்ற ஏக்கரைக் கூட்டத்திலே தீர்மானித்து, தண்ணீர் குறைந்த ஆண்டில் ஒருவரையும் விலக்காமல் ஒவ்வொருவரின் பங்கையும் சுருக்கினார்கள். இவ்வழக்கத்தை நான் தெய்விகமாக்கவில்லை. பூசல்கள் உண்டு, பங்கை விற்றவரும் உண்டு. யாழ்ப்பாணத்துக்கு அக்குளத்துத் தண்ணீரைக் கொடுக்கும் யோசனை எழுந்தபோது எங்கள் விவசாயிகளே எதிர்த்து நின்றமையால், இறுதியிலே குடாநாட்டுக் கரையிலுள்ள தாளையடியிலும் கடல்நீரைச் சுத்திகரிக்க நேர்ந்தது. ஆனால் அளந்த பின்னரே பகிர்தல், பகிரும்போது முந்தியவர் பங்கையும் கணக்கிற் சேர்த்தல் என்ற இரண்டு நியதிகளும் அவ்வழக்கத்தில் இருந்தன.

சிட்னி முதலாவதை ஓரளவு கற்றிருக்கின்றது, இரண்டாவதைக் கற்கவில்லை. ரயில் நிலையங்களை அடுத்து, கிழக்கிலும் மாடிக் குடியிருப்புகள் எழ வேண்டும். ஆறு திரும்பக் கேட்கும் நிலத்தில் வீடு கட்ட அனுமதி கூடாது. மேற்கிலே கூரைக்கு முன் மரத்துக்கு இடம் ஒதுக்க வேண்டும். எத்தனை பேரை அனுமதிப்பது என்ற வினாவுக்கு நேர்மையான விடை, ஏற்கெனவே உள்ளிருப்பவர்கள் எதை விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கிறார்கள் என்பதைக் கேட்ட பின்னரே கிடைக்கும். வீட்டுக்கடனை அடைத்துவிட்ட நாமும் அவ்வாறு கேட்கப்பட வேண்டியவர்களே.