கைமரத்து மேல கால் வைங்க

நாட்டு ஓடு போட்ட கூரையில் ஆணி கிடையாது. கலவை பூசுவதுகூட முகட்டிலும் ஓரங்களிலும்தான். மற்ற இடமெல்லாம் ஓட்டின் மேல் ஓடு, தன் எடையில் தானே கிடக்கிறது. சீமை ஓடு என்று நம் ஊரில் சொல்லும் மங்களூர் ஓட்டுக்கு அடியில் மூக்கு உண்டு. ரீப்பரில் மாட்டிக்கொண்டு நின்றுவிடும். 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் ஆலை வைத்து அடிக்க ஆரம்பித்த சரக்கு அது. நாட்டு ஓட்டுக்கு அந்தப் பிடிமானமும் இல்லை. குயவர் சக்கரத்தில் குழாயாக வனைந்து, நெடுக்கே கீறி, இரண்டாகப் பிளந்து சூளையில் சுட்ட கண்மாய் மண், அவ்வளவுதான். காற்று அடித்தால் நகரும். குரங்கு குதித்தால் நகரும். மயில் வந்து உட்கார்ந்தாலே நகரும்.

காரைக்குடிப் பக்கம் இப்போது மயில்தான் பெரிய தொல்லை என்றார் ஓட்டு மேஸ்திரி. "குரங்கையாச்சும் வெரட்டலாம் சார். மயில ஒண்ணுஞ் சொல்ல முடியாது. முருகன் வாகனம். பத்தாததுக்கு அதத் தொட்டா கேஸு வேற."

ஆகவே வருஷத்துக்கு ஒரு தடவை, மிஞ்சிப்போனால் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, கூரையைப் பிரித்து மறுபடி அடுக்கியாக வேண்டும். ஓடு மாத்துறது என்பார்கள். புது ஓடு வாங்கிப் போடும் வேலையல்ல. இருக்கிற ஓட்டையே எடுத்து, தூசி தட்டி, விரிசல் விட்டதைக் கழித்து, திரும்ப அதே இடத்தில் வைப்பது. காலம் பார்த்துத்தான் செய்ய முடியும். ஆடிக் காற்று ஓட்டைக் கலைத்து, வேப்பிலையையும் புழுதியையும் இடுக்குகளில் திணித்துவிட்டுப் போயிருக்கும். ஐப்பசி பிறந்தால் அடைமழை. தமிழ்நாட்டுக்கு வருஷம் முழுக்கக் கிடைக்கும் மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் ஆவணியும் புரட்டாசியும்தான் ஓடு மாற்றும் ஆட்களுக்குச் சீசன்.

கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் ஆவணிக் கடைசியில் அவர்களோடு இருந்தேன். முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் முடிகிற, அந்தப் பக்கத்துக்கு வழக்கமான நகரத்தார் வீடு. வளவைச் சுற்றி நாலு பக்கமும் பத்தி, பத்தியை ஒட்டி இரட்டை வீடு என்கிற அறைகள், அவற்றின் மேல் ஓட்டுச் சாய்வு. இத்தனை பெரிய வீட்டில் இருப்பது எழுபது தாண்டிய ஒரு ஆச்சியும் துணைக்கு ஒரு பெண்ணும் மட்டும். ஆச்சி முதல் நாளே வளவில் இருந்த பெட்டகம், ஊஞ்சல் பலகை, சாமி படங்கள் எல்லாவற்றையும் பழைய புடவைகளால் மூடிவைத்திருந்தார். ஓடு பிரித்தால் ஒரு வருஷத்துத் தூசி அப்படியே உள்ளே இறங்கும்.

காலை ஆறரைக்கே ஏணி சாத்தியாகிவிட்டது. பதினொரு மணிக்கு மேல் ஓட்டில் கால் வைக்க முடியாது, பொசுக்கிவிடும். ஆட்கள் எல்லோரும் வெறுங்கால். செருப்புப் போட்டிருந்தால் காலடியில் ஓடு நெகிழ்வது தெரியாதாம். நானும் மேலே வருகிறேன் என்றதும் மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன எடை இருப்பீக?"

சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். "சரி, வாங்க. ஓட்டு மேல நடக்காதீக. கைமரத்து மேல கால் வைங்க."

கூரையைத் தாங்கும் சாய்வு மரம்தான் கைமரம். ஓடு மூடிக்கிடக்கும் கூரையில் அது எங்கே ஓடுகிறது என்று எப்படித் தெரியும்? தாழ்வாரத்தில் கைமரத்தின் நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஏறுவதற்கு முன்பே கீழே நின்று அவற்றைப் பார்த்து, எத்தனையாவது ஓட்டு வரிசைக்கு நேரே ஒவ்வொன்றும் வருகிறது என்று எண்ணி வைத்துக்கொள்கிறார்கள். மேலே போன பிறகு அந்த வரிசையை விட்டு விலகுவதில்லை. பாதத்தையும் நட்ட நடுவில் பதிப்பதில்லை. குதிகாலைத் தூக்கி முன்பாதத்தால் அழுத்திப் பார்த்து, அழுத்தம் தாங்கினால்தான் மறு காலை எடுக்கிறார்கள். அவர்களில் இளையவனுக்கு இருபது வயதுதான் இருக்கும். அவன்கூட நடக்கும்போது பேசவில்லை.

வேலை முகட்டில் ஆரம்பிக்கிறது. அங்கே பூசியிருக்கும் கலவையைக் கொத்தி எடுத்துவிட்டு, மேலிருந்து கீழாக ஒரு ஆள் அகலத்துக்கு ஓட்டைக் கழற்றுகிறார்கள். ஓட்டைத் தாங்கும் வரிச்சுகள் வெளியே தெரிகின்றன. அந்த வெற்றுப் பட்டைதான் இனி அவர்கள் நிற்கும் இடம். அதில் நின்றபடி வலது பக்கத்துப் பட்டையைப் பிரித்து, தூசி தட்டி, இடது பக்கத்தில் அடுக்குகிறார்கள். அடுக்க அடுக்கத் திறப்பு ஒரு பக்கம் மூடுகிறது, பிரிக்கப் பிரிக்க மறு பக்கம் திறக்கிறது. இப்படியே அந்த ஒரே திறப்பு கூரை முழுக்க நகர்ந்துபோய்க் கடைசிச் சுவரில் முடியும். எந்த நேரத்திலும் ஒரு பட்டைக்கு மேல் வானம் தெரியாது. திடீரென்று மழை வந்தால் ஒரு தார்ப்பாய் போதும். மொத்தக் கூரையையும் பிரித்துப் போட்டுவிட்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் புது ஒப்பந்தக்காரர்களைப் பற்றி மேஸ்திரி சொன்னவற்றை இங்கே அச்சில் போட முடியாது.

கழற்றுவது மேலிருந்து கீழே என்றால், அடுக்குவது தாழ்வாரத்திலிருந்து மேலே. முதலில் மல்லாத்திப் போடும் ஓடு, அதுதான் தண்ணீர் ஓடும் வாய்க்கால். இரண்டு வாய்க்காலுக்கு நடுவில் உள்ள இடுக்கை மூடக் கவிழ்த்துப் போடும் ஓடு. ஓடு ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் குறுகலாகவும் இருக்கும். மல்லாத்தும்போது அகல வாய் மேலே பார்க்க வேண்டும். குறுகிய முனை கீழ் ஓட்டின் அகல வாய்க்குள் இறங்கி உட்காரும். கவிழ்க்கும்போது நேர்மாறு, அகல வாய் கீழே. ஒன்றை மாற்றி வைத்தாலும் தண்ணீர் ஓட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறி உள்ளே சொட்டும். அந்தச் சொட்டு விழும் இடத்துக்கும் தப்பு நடந்த இடத்துக்கும் சம்பந்தமே இருக்காது. வரிச்சு வழியே ஓடிப் போய், எங்கேயோ ஒரு கைமரத்து முட்டில் நின்று விழும். ஒழுகுகிற இடத்துக்கு நேர் மேலே போய் ஓட்டை தேடுகிறவர் வேலைக்குப் புதுசு என்று அர்த்தம்.

ஒவ்வொரு ஓட்டையும் கையில் எடுத்ததும் விரல் கணுவால் ஒரு தட்டு. நல்ல ஓடு டங் என்கிறது. மயிரிழை விரிசல் விட்டது பொத்தென்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு ஓட்டை என்னிடம் கொடுத்து விரிசலைக் காட்டச் சொன்னார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பாசி படிந்த கறுப்புத்தான் தெரிந்தது. அவர் அதை வாங்கி உள்பக்கம் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் முதுகில் ஒரு மெல்லிய ஈரக்கோடு எழுந்து வந்தது. "மழைக்கு இதுதான் வழி," என்று கழித்த ஓடுகளின் பக்கம் வைத்தார். எறியவில்லை. முகட்டுக் கலவைக்குள் அண்டக் கொடுக்க உடைசல் வேண்டும்.

கழித்ததற்குப் பதில் ஓடு எங்கே கிடைக்கும்? புதிதாகச் சுடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். சுட்டாலும் வளைவு ஒத்துப்போக வேண்டும்; நூறு வருஷத்துக்கு முந்தைய ஓட்டின் நடுவில் புது அளவு ஒன்று புகுந்தால் வரிசை துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் இடிக்கிற வீடுகளின் ஓட்டைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வீட்டுக் கதவும் தூணும் பீங்கான் சாமானும் வாங்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். ஓட்டுக்கு அந்த மவுசு இல்லை. இருந்தாலும் ஒரு வீடு இடிபடுகிறது என்று தகவல் வந்தால் மேஸ்திரி சைக்கிளை எடுத்துக்கொண்டு முதலில் போய் நிற்பது ஓட்டுக்காகத்தான். இந்த வீட்டுக் கூரையில் எத்தனை வீட்டு ஓடுகள் இருக்கின்றன என்று கேட்டேன். அவர் மடமடவென்று ஊர்ப்பெயர்களாகச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

இரண்டு சாய்வுகள் சேரும் மூலைக்கு வந்தபோது வேலை நின்றுபோனது. அங்கே யாரோ முன்பு ஒழுகலுக்காகச் சிமெண்டைக் குழைத்து அப்பியிருந்தார்கள். உளி வைத்துத் தட்டினால் சிமெண்டோடு ஓடும் சேர்ந்து பாளம் பாளமாக வந்தது. அடியில் இருந்த வரிச்சை மேஸ்திரி இரண்டு விரலால் கிள்ளினார். நனைந்த ரஸ்க்கைப் போலப் பிய்ந்து வந்தது. சாய்வில் ஓடுகள் பகல் வெயிலில் விரிந்து இரவில் சுருங்குகின்றன. தளர்வாகக் கிடப்பதால்தான் அவற்றால் அது முடிகிறது. சிமெண்ட் போட்டுக் கட்டிப்போட்டால் ஓரத்தில் வெடிப்பு விழுகிறது. வெடிப்பு வழியே இறங்கும் தண்ணீருக்கு வெளியேற வழி இல்லை, காற்றும் புகுவதில்லை, மரம் மக்குகிறது. முகட்டுக்குக்கூட இவர்கள் சுண்ணாம்புக் கலவைதான் வைக்கிறார்கள். வேண்டும்போது ஓட்டை நோகாமல் கொத்தி எடுக்கலாம்.

ஆனால் சிமெண்ட் அப்பியவரைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. வருஷா வருஷம் ஆள் தேடிக் கூலி கொடுத்து மேலே ஏற்ற வேண்டாம், ஒரே தடவையில் தொல்லை விட்டது என்று நினைத்திருப்பார். வெளியூரில் இருந்துகொண்டு பூட்டிய வீட்டைக் காப்பாற்றுகிறவருக்கு வேறு என்ன தோன்றும்? பர்மாவும் மலாயாவும் இலங்கையும் அனுப்பிய பணத்தில் எழுந்தவை இந்த வீடுகள். கைமரத்தில் பாதி பர்மாத் தேக்கு. 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததோடு அந்த வரவு ஒடிந்தது. கூரையை வருஷந்தோறும் பிரித்து மாற்றும் செலவு மட்டும் ஒடியவில்லை. செட்டிநாட்டு ஊர்கள் 2014-இலிருந்து யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் இருப்பதால் யார் வீட்டுக்கும் ஒரு ஓடு வந்து இறங்குவதில்லை.

கீழே பெண்கள் வேலை தனி. ஏணியில் ஒருவர், தரையில் ஒருவர், முற்றத்தில் ஒருவர் என்று நின்று ஓட்டைக் கைமாற்றுகிறார்கள். தண்ணீர்த் தகரங்களில் அடைத்த சருகை அள்ளுவதும் முற்றத்துத் தூம்பைக் குத்திவிடுவதும் அவர்கள்தான். நாலு சாய்விலும் விழும் மழை முற்றத்துக்கு வந்து, தூம்பு வழியே தெரு வாய்க்காலில் கலந்து ஊருணிக்குப் போக வேண்டும் என்பதுதான் பழைய ஏற்பாடு. தூம்பு அடைத்தால் வளவே குளம். நடுவயதுப் பெண் ஒருவர் சுவர்த் தலையில் முளைத்திருந்த அரசங்கன்றைப் பிடுங்கப்போன பையனை அதட்டினார். "பிடுங்குனா தலைதான் வரும். வேரு உள்ளயே இருக்கும். அடுத்த வருசம் ரெண்டா வரும்." பிறகு அவரே கரண்டியை வாங்கி, சுற்றிலும் காரையைப் பெயர்த்து, வேர் போகிற வழியே குடைந்து எடுத்து, குழியைச் சுண்ணாம்பு வைத்து அடைத்தார். கொத்தனார் வேலைதான் அது. கூலி சித்தாள் கூலி. கேட்டால், "எங்க போனாலும் ஆம்பளைக்கு ஒண்ணு, பொம்பளைக்கு ஒண்ணுதானே," என்று சிரித்துவிட்டு அடுத்த கன்றுக்கு நகர்ந்தார்.

வெளிச்சுவருக்கு வெள்ளையடிப்பதைத் தீபாவளி ஒட்டி வேறு ஆட்கள் பார்த்துக்கொள்வார்களாம். அதில் மேஸ்திரிக்கு அக்கறை இல்லை. தெருவில் போகிறவன் பார்க்கிற வேலை அது என்றார்.

வேலை மேல்சாய்வில் முடிந்து கீழ்சாய்வில் பாதியில் நின்றது. ஓடு தீரவில்லை, ஆட்களும் இருந்தார்கள். அங்கே பங்கு மாறுகிறது. இந்த வீட்டில் பங்காளிகள் பலர். கல்யாணமான ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. செலவைப் புள்ளிக் கணக்கில் பிரித்து, எல்லோரும் சரி என்றால்தான் மொத்தக் கூரையும் மாறும். ஒரு பக்கத்துக்காரர் வெளிநாட்டிலிருந்து இன்னும் பதில் சொல்லவில்லை. ஆச்சி போனில் கூப்பிட்டார். மக்கிய வரிச்சின் படத்தை அவருடைய துணைப்பெண் அனுப்பினாள். நீண்ட பேச்சு. குழந்தைகளின் படிப்பு, யாருக்கோ கண் ஆபரேஷன், கோயில் வரி, கடைசியில் கூரை.

ஆச்சி போனை வைத்தார். "புரட்டாசி கழியட்டும்ங்கறாக. லீவுல வந்து நேர்ல பாத்துட்டுச் சொல்றாகளாம்."

"கழிஞ்சா நா மேல ஏற மாட்டேன் ஆச்சி," என்றார் மேஸ்திரி. "பாசி நனைஞ்சா கால் நிக்காது. அந்தப் பக்கத்துக்கு இப்ப தார்ப்பாயக் கட்டிட்டுப் போறேன். தைக்குக் கூப்புடுங்க."

தார்ப்பாய்க்கு யார் புள்ளியில் கணக்கு எழுதுவது என்று ஆச்சி கேட்டார்.