சுவரைத் தாண்டிய கேமரா

சிவகாசி என்றால் எல்லோருக்கும் பட்டாசு ஞாபகம் வரும். கொஞ்சம் யோசித்தால் தீப்பெட்டி, இன்னும் கொஞ்சம் யோசித்தால் காலண்டர். கேமரா மட்டும் யாருக்கும் ஞாபகம் வராது. ஆனால் ஒரு காலத்தில் அந்த ஊர் அச்சகங்களில் ஆளை விடப் பெரிய கேமராக்கள் இருந்தன!

பிராசஸ் கேமரா என்று பெயர். கழுத்தில் மாட்டுகிற சாமான் இல்லை. தண்டவாளம் மாதிரி நீளமான சட்டம். ஒரு முனையில் ஓவியத்தை மாட்டும் பலகை, நடுவில் லென்ஸும் துருத்தியும். பெரிய கேமராக்களில் பின்பக்கம் சுவரைத் தாண்டி இருட்டறைக்குள்ளேயே இருக்கும். ஃபிலிம் ரோல் கிடையாது, தனித்தனித் தாள். 20-க்கு 24 அங்குலத் தாள்கூட உண்டு.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்று வந்து 1923-ல் தீப்பெட்டி செய்ய ஆரம்பித்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். அப்படித்தான் அச்சுத்தொழில் வளர்ந்தது. பிறகு காலண்டர். பக்கத்துக் கோவில்பட்டியில் ஓவியர் கொண்டையராஜு (1898–1976) வரைந்த சாமி படங்கள் இந்த அச்சகங்கள் வழியாகத்தான் பல வீட்டுச் சுவர்களுக்குப் போயின.

ஓவியம் காலண்டர் ஆவது சும்மா இல்லை. ஒரே படத்தை நாலு முறை எடுக்க வேண்டும். நீல ஃபில்டர் போட்டு எடுத்தால் மஞ்சள் மைக்கு, பச்சை ஃபில்டரில் மெஜந்தாவுக்கு, சிவப்பில் சயானுக்கு, நாலாவது கறுப்புக்கு. படத்தைப் புள்ளிகளாக உடைக்க ஒரு ஸ்க்ரீன். அதை ஒவ்வொரு நிறத்துக்கும் வேறு கோணத்தில் திருப்ப வேண்டும். கோணம் பிசகினால் முருகன் முகத்தில் வலை பின்னியது போலக் கோலம் விழும். எல்லா நிறத்தையும் உணரும் ஃபிலிம் என்பதால் சிவப்பு விளக்குகூட ஆகாது. கும்மிருட்டில் கைத்தடவல்தான். தப்பானால் ஒரு பெரிய தாள் குப்பைக்கு.

அப்புறம் ஸ்கேனர் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. இன்று ஃபிலிமே இல்லாமல் நேராகப் பிளேட் தயாராகிறது. வேகம், துல்லியம் இரண்டிலும் புதுசுதான் ஜெயிக்கும், சந்தேகமே இல்லை. இடத்தை அடைக்கிற இரும்பை யார் வைத்திருப்பார்கள்?

வெளிநாட்டில் இன்றும் 4-க்கு 5, 8-க்கு 10 அங்குலத் தாள் ஃபிலிம் வாங்கி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, தலைகீழாகத் தெரியும் காட்சியைப் பார்த்து ஃபோகஸ் செய்பவர்கள் இருக்கிறார்கள். இல்ஃபோர்டு இன்னும் அந்தத் தாள்களைச் செய்கிறது. அது விரும்பித் தேடிக்கொண்ட காதல்.

சிவகாசிக் கேமராக்காரருக்கு அது சம்பள வேலை. கேமராவை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் வருஷக்கணக்கில் ஒரு லென்ஸோடு பழகினால், பூதக்கண்ணாடியில் புள்ளியைப் பார்த்தே எந்த மை எவ்வளவு விழும் என்று சொல்லும் கண் வந்துவிடும். கேமராவைப் பழைய இரும்புக்குப் போடலாம், அந்தக் கண்ணை எங்கே போடுவது?

காலண்டரில் ஓவியர் கையெழுத்து இருக்கும், அச்சகத்தின் பெயர் இருக்கும். கேமராக்காரர் பெயர் மட்டும் இருக்காது.

வீட்டுப் பரணில் 1970-களின் சாமி படம் ஏதாவது கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மஞ்சள், மெஜந்தா, சயான், கறுப்பு என்று புள்ளி புள்ளியாகத் தெரியும். அதுதான் அவர் போட்ட கையெழுத்து.