சுபத்துக்குப் பிறகு

"தொடரும்" என்ற வார்த்தை நமக்குப் புதிதல்ல. வாராவாரம் அந்த ஒரே வார்த்தையைப் போட்டு நம்மை அந்தரத்தில் தொங்க விட்டுப் போகிறார்கள் தொடர்கதை ஆசிரியர்கள். அவர்களையாவது மன்னித்து விடலாம். "சுபம்" போடாத குறையாகக் கதையை முடித்து, நம்மை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இரண்டு வருஷமோ ஏழு வருஷமோ கழித்து, "கதை இன்னும் இருக்கிறது, வாருங்கள்!" என்று கூப்பிடுகிறார்களே, ஆங்கிலச் சண்டைப் படக்காரர்கள், அவர்களை என்ன செய்வது?

"சண்டைப் படமா? அது பிள்ளைகள் சமாசாரமல்லவா?" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள், சகோதரிகளே! என் பேரன் பார்க்கிறான். கூடத்தில் இருப்பதோ ஒரே ஒரு டெலிவிஷன். ஆகையால் நானும் பார்க்கிறேன். பார்த்துப் பார்த்து, எது நல்ல இரண்டாம் பாகம், எது வெறும் இரண்டாம் பாகம் என்பதில் எனக்கும் ஓர் அபிப்பிராயம் ஏற்பட்டிருக்கிறது.

நேற்றைய குழம்பை இன்றைக்குப் பரிமாறுவதில் இரண்டு விதம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். திடீரென்று விருந்தாளி வந்துவிட்டால் வெந்நீரை விட்டுப் பெருக்குவது ஒன்று. சின்னத் தணலில் வைத்து நிதானமாகச் சுண்ட வைப்பது மற்றொன்று. முதலாவது, நாலு பேருக்குக் காணும். இரண்டாவதுதான் நாக்கில் நிற்கும்.

'டை ஹார்ட்' என்று ஒரு படம், 1988-இல் வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் வேலை பார்க்கும் மனைவியோடு சமாதானம் செய்து கொள்ளலாமென்று கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் வருகிறான் ஒரு போலீஸ்காரன். மனைவியின் ஆபீஸ் கட்டிடத்தைக் கொள்ளைக்காரர்கள் பிடித்துக் கொள்கிறார்கள். அந்தச் சமயம் பார்த்து அவன் காலில் பூட்ஸ் இல்லை! உடைந்த கண்ணாடியின் மேல் வெறுங்காலோடு ஓடுகிறான். நமக்கு உள்ளங்கால் கூசுகிறது. அடுத்த படம் 1990-இல் வந்தது. மறுபடியும் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள். மறுபடியும் மனைவிக்கு ஆபத்து. கட்டிடத்துக்குப் பதில் விமான நிலையம், அவ்வளவுதான். வெடி அதிகம், வசூலும் அதிகம். ஆனால் அந்த முதல் ராத்திரி அந்த மனிதனை என்ன செய்தது என்று படம் கேட்கவே இல்லை. வெந்நீர்க் குழம்பு!

இனி, சுண்டிய குழம்பைச் சொல்கிறேன். ஜேம்ஸ் காமெரான் 1984-இல் எடுத்த படம் 'தி டெர்மினேட்டர்.' ஸாரா கானர் என்ற பெண் ஹோட்டலில் பரிமாறிப் பிழைக்கிறவள். இனிமேல் பிறக்கப் போகும் அவளுடைய பிள்ளை, பிற்காலத்தில் இயந்திரங்களை எதிர்த்து மனிதர்களைத் திரட்டுவானாம். ஆகையால் அவளை முன்னதாகவே கொன்றுவிட, எதிர்காலத்திலிருந்து மனித உருவில் ஓர் இயந்திரம் வருகிறது. அர்னால்ட் ஷ்வார்ஸ்நெக்கர்தான் அந்த இயந்திரம். கடைசியில் ஸாரா அதை நசுக்கி ஒழித்து விடுகிறாள். சுபம்.

ஏழு வருஷம் கழித்து, 1991-இல், அதே காமெரான் இரண்டாம் பாகத்தை எடுத்தார். முதற் படத்துக்கு ஆன செலவு சுமார் 64 லட்சம் டாலர்; இதற்குச் சுமார் 10 கோடி. நான்கு ஆஸ்கார் பரிசுகள் வேறு. அதெல்லாம் இருக்கட்டும். ஸாரா எங்கே இருக்கிறாள் தெரியுமா? பைத்தியக்கார ஆஸ்பத்திரியில்! நடந்ததை நடந்தபடி சொன்னாள், யாரும் நம்பவில்லை. பிள்ளை யாரோ வளர்ப்புப் பெற்றோரிடம் இருக்கிறான். அவனைப் பார்க்க வேண்டுமென்ற ஆசையில், "அதெல்லாம் என் பிரமைதான்" என்று டாக்டரிடம் பொய்கூடச் சொல்லிப் பார்க்கிறாள். அதையும் அவர் நம்பவில்லை.

இந்த இடத்தில் என் பேரன் துப்பாக்கிச் சத்தம் எப்போது வரும் என்று காத்திருந்தான். நான் ஸாராவின் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தேன். என் கணவர் வெளியூரில் காலமான செய்தி ஒரு நடுநிசியில் டெலிபோனில் வந்தது. வருஷங்கள் பல ஆகிவிட்டன. இன்றும் ராத்திரியில் மணி அடித்தால் எழுந்து உட்கார்ந்து விடுவேன். "இன்னுமா பயம்?" என்று கேட்பவர்களிடம் அன்புக்குக் குறைவில்லை. ஆனால் ஆபத்து ஒரு தடவைதான் வருகிறது. அதற்குப் பிறகு அது உள்ளே குடியிருக்கிறது. இதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது? அந்த நடிகை, லிண்டா ஹாமில்டன், வாய் திறவாமலே சொல்லி விட்டார்.

இன்னும் கேளுங்கள். பின்னால் வரப் போகும் அழிவுக்குக் காரணமாகக் கூடிய ஒரு விஞ்ஞானியைக் கொல்ல ஸாரா துப்பாக்கியோடு கிளம்புகிறாள். அவன் மனைவியும் சிறு பிள்ளையும் அலற, குறி பார்த்து நிற்கிறாள். முதற் படத்தில் அவளைத் துரத்திய இயந்திரத்தின் பார்வை இப்போது அவள் கண்ணிலேயே இருக்கிறது! நல்லவேளை, விரல் அசையவில்லை. உட்கார்ந்து அழுகிறாள். பத்துக் கோடி டாலர் படத்தில் எனக்குப் பெரிதாகத் தோன்றியது அந்த அழுகைதான்.

காமெரானுக்கு இந்த வித்தை முன்பே கைவந்திருந்தது. 1979-இல் ரிட்லி ஸ்காட் எடுத்த 'ஏலியன்' படத்தில், விண்வெளிப் பூதத்திடம் தப்பிய ஒரே பெண் ரிப்ளி. காமெரான் 1986-இல் எடுத்த 'ஏலியன்ஸ்' படத்தில் அவள் 57 வருஷத் தூக்கத்திலிருந்து எழுகிறாள். கம்பெனிக்காரர்கள் அவள் சொல்வதை நம்பவில்லை. பிற்பாடு வந்த நீண்ட பதிப்பில், பிறந்த நாளுக்கு வந்துவிடுவதாக அவள் வாக்களித்த மகள், கிழவியாகிக் கண்ணை மூடிவிட்டாள் என்றும் தெரிகிறது. பூதங்களின் நடுவே நியூட் என்ற அனாதைச் சிறுமியைக் கண்டதும் அவளுக்காக ரிப்ளி நெருப்புக்குள் மறுபடி இறங்குகிறாள். ஏன் இறங்குகிறாள் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லையல்லவா? அந்த வேஷத்துக்காக ஸிகர்னி வீவரின் பெயர் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் போட்டியில் இடம் பெற்றது.

இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய குழந்தைகள் என்ன ஆனார்கள்? 1992-இல் வந்த 'ஏலியன் 3' தொடக்கத்திலேயே நியூட் இறந்து கிடக்கிறாள். 2019-இல் வந்த 'டெர்மினேட்டர்: டார்க் ஃபேட்' தொடக்கத்திலேயே ஸாராவின் பிள்ளை சுடப்பட்டுச் சாகிறான். அந்தத் துக்கத்தை லிண்டா ஹாமில்டன் நன்றாகவே நடித்திருக்கிறார், மறுக்கவில்லை. ஆனாலும், புதுக் கதைக்கு இடம் வேண்டுமென்று, பழைய கதையில் ஒருத்தி உயிரைக் கொடுத்துச் சம்பாதித்ததை ஐந்து நிமிஷத்தில் பறிக்கலாமா? ஆபத்தை மறந்துவிட்ட இரண்டாம் பாகத்தையாவது சிரித்துக் கொண்டு பார்த்து விடலாம். பட்ட பாட்டையே வீணாக்கும் பாகத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எங்காவது "இரண்டாம் பாகம்" என்று விளம்பரம் கண்டால், பிள்ளைகள் எத்தனை கார் வெடிக்கிறது என்று கேட்பார்கள், கேட்கட்டும். நீங்கள் மட்டும், முதற் பாகத்தில் தப்பிப் பிழைத்தவள் இப்போது எப்படித் தூங்குகிறாள் என்று கேளுங்கள். படத்தில் அதற்குப் பதில் இருந்தால், தாராளமாக டிக்கெட் வாங்கலாம்.