நெஞ்சின் ஆழத்திலிருந்து

உத்திரமேரூர் ஏரிப் பாசனத்தில் நெல் பயிரிட்டு வாழ்ந்தவர் எங்கள் சித்தப்பா. அறுவடை முடிந்த ஒரு மாசி மாதத்தில் அவருக்கு இருமல் தொடங்கியது. களத்துத் தூசி என்றார், நாங்களும் நம்பினோம். மூன்று வாரம் கடந்தும் நிற்காததால் மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். சளிப் பரிசோதனைக்கென்று ஒரு சிறு டப்பாவைக் கொடுத்தார்கள். எப்படி எடுக்க வேண்டுமென்று எவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் பார்க்கிறார்களே என்று கூசிய சித்தப்பா, சுவர் மறைவில் அவசரமாகத் துப்பிக் கொடுத்தார். ‘கிருமி இல்லை’ என்று முடிவு வந்தது. அன்று மாலை வீட்டில் பாயசம் வைத்தோம்.

ஆடி பிறப்பதற்குள் அவர் பாதியாய் இளைத்துவிட்டார். மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை. ஒருநாள் சளியில் இரத்தம். வேறோர் ஆய்வகத்திற்குச் சென்றோம். அங்கிருந்த அம்மையார் டப்பாவைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். “ஐயா, இது எச்சில். எனக்குச் சளி வேண்டும்” என்றார். வாயைக் கொப்பளிக்கச் செய்து, ஆளில்லாத வேப்பமரத்தடிக்கு அனுப்பி, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, சற்றே நிறுத்தி, அடியிலிருந்து இருமச் சொன்னார். மறுநாள் விடியலில் எழுந்தவுடன் எடுப்பதற்கு இன்னொரு டப்பாவும் தந்தார். இரண்டிலும் காசநோய்க் கிருமி இருந்தது.

அப்படியானால் முதலில் கேட்ட ‘இல்லை’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்? ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகள் இருந்தால்தான் அவை நுண்ணோக்கியில் தென்படும். கண்ணாடித் தகட்டில் பரப்பிய சளிக்குச் சிவப்புச் சாயமேற்றி, அமிலத்தால் கழுவி, பின் நீலச் சாயம் இடுகிறார்கள். அமிலத்திற்கும் அஞ்சாமல் சிவப்பைப் பற்றிக்கொள்வது இக்கிருமியின் இயல்பு. 100 பார்வைப் புலங்களைத் தேடிய பிறகே ‘இல்லை’ என எழுத வேண்டும். அப்போதும் அதன் பொருள் ‘கண்ணில் படவில்லை’ என்பதே. ‘நோய் இல்லை’ என்று அதைப் படித்தது எங்கள் ஆசை.

இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்கும் மையத்தில் 1956இல் தொடங்கிய ஆய்வு, மருந்தை முறையாக உட்கொண்டால் வீட்டிலிருந்தே குணமடையலாம் என்று உலகிற்குக் காட்டியது. ஆனால் நோய் இன்னதென்று தெரிந்தால்தானே மருந்து வீடு தேடி வரும்?

கருவிகள் வளர்ந்திருக்கின்றன. கிருமியை ஒளிரச் செய்யும் சாயத்தோடு எல்.இ.டி. விளக்குடைய நுண்ணோக்கியைப் பயன்படுத்த உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் பரிந்துரைத்தது. இருண்ட பின்னணியில் கிருமி ஒளிர்வதால், பரந்த பரப்பை விரைவாகப் பார்க்கலாம். கிருமியின் மரபணுவையே தேடும் ட்ரூநாட் போன்ற சோதனைகள் நுண்ணோக்கிக்குத் தப்புவனவற்றையும் கண்டுபிடிக்கின்றன. ஆயினும் எச்சிலை இட்டால் எந்தக் கருவியும் ஏமாறக்கூடும்.

பார்ப்பவர் கண்ணும் தவறலாம். ஆகவே பார்த்து முடித்த தகடுகளில் சிலவற்றை, முதல் முடிவைச் சொல்லாமலே இன்னொருவரிடம் கொடுத்து மறுபடி பார்க்கச் செய்யும் முறை காசநோய்த் திட்டத்தில் உண்டு. இதை அறிந்தபோது எங்களுக்கு ஊர்க் கல்வெட்டு நினைவுக்கு வந்தது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை விதிகள் பொறிக்கப்பட்டுள்ளன. உள்ளே எழுதியிருப்பதை அறியாத சிறுவனே ஓலையை எடுக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. விருப்பு வெறுப்புக் கலந்த கை உண்மையை எடுக்காது என்பதை முன்னோர் அறிந்திருந்தனர்.

சித்தப்பா ஆறு மாதம் மருந்துண்டு நலமடைந்தார். ஆனால் இடைப்பட்ட அந்த மாதங்களில் அவர் அருகிலேயே உறங்கிய பேத்திக்கும் நோய் தொற்றியிருந்தது. அவளும் குணமானாள். எனினும், மாத்திரையைக் கண்டு அவள் முகம் சுளித்த ஒவ்வொரு காலையிலும் அந்தப் பாயசம் எங்கள் நெஞ்சில் கசந்தது.

பேருந்திலும் ஆலயத்திலும் இருமுகிறவரைக் கண்டால் நாம் சற்றுத் தள்ளி அமர்கிறோம். இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால், அவருடன் ஆரம்ப சுகாதார நிலையம் வரை நடந்து செல்ல நம்மில் எத்தனை பேர் முன்வருகிறோம்? ‘எப்படி எடுக்க வேண்டும்?’ என்று அவருக்காக நாம் கேட்கலாம். ‘இல்லை’ என்று முடிவு வந்த பின்னும் இருமல் தொடர்ந்தால், மீண்டும் அழைத்துச் செல்லலாம். நாங்கள் அன்று செய்யத் தவறியது இவ்வளவே.