கான்கர் காலம்

பிரிஸ்டல்,
அக்டோபர்.

அன்புள்ள சாந்திக்கு,

இங்கே இப்போது கான்கர் காலம். ஹார்ஸ் செஸ்ட்நட் என்று ஒரு மரம் பூங்காவுக்குப் பூங்கா நிற்கிறது. காற்று அடித்தால் முள் வைத்த பச்சைக் காய்கள் பொத்துப் பொத்தென்று விழுந்து பிளக்கின்றன. உள்ளே பளபளவென்று பழுப்புக் கொட்டை. தின்ன முடியாது, விஷம். ஆனால் என் தம்பி மகனின் சட்டைப் பை, புத்தகப் பை, தலையணை உறை எல்லாவற்றிலும் அதுதான்.

அதை வைத்து ஒரு விளையாட்டு. கொட்டையில் துளை போட்டு, ஷூ லேஸைக் கோத்து, அடியில் முடிச்சுப் போட வேண்டும். ஒருவன் அசையாமல் தொங்கவிட்டுப் பிடிப்பான். மற்றவன் தன் கொட்டையால் அதை ஓங்கி அடிப்பான். இரண்டில் ஒன்று சிதறும்வரை மாறி மாறி அடி. ஜெயித்த கொட்டைக்குத் தோற்ற கொட்டையின் பழைய வெற்றிக் கணக்கும் சேர்ந்துவிடும் என்பதால், பத்து வெற்றி கண்ட கொட்டையைப் பையன்கள் ஏதோ பட்டத்து யானையைப் போல நடத்துகிறார்கள். வினிகரில் ஊறப்போட்டால் இறுகும் என்று ஒரு கட்சி, ஓவனில் சுட்டெடுத்தால் இறுகும் என்று இன்னொரு கட்சி. நார்தாம்ப்டன்ஷயரில் 1965லிருந்து இதற்கு உலக சாம்பியன்ஷிப்பே நடக்கிறது.

"ஸ்கூல்லயும் விளையாடுவீங்களாடா?" என்று கேட்டேன்.

"ஸ்கூல்ல கூடாது அத்தை. ஹெல்த் அண்ட் சேஃப்டி."

விளக்கம் அவ்வளவுதான். அவன் அம்மாவும் அதையே சொன்னாள், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரும் அதையே சொன்னார். யாரும் பார்த்ததில்லை, யாரும் படித்ததில்லை, ஆனால் அப்படி ஒரு சட்டம் இருப்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. என் வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? தேடிப் பார்த்தேன்.

சட்டம் 1974ல் வந்தது. வேலை செய்யும் இடத்தில் ஆள் சாகக் கூடாது, கை கால் போகக் கூடாது என்பதற்காகப் போட்டது. அதிலும் நியாயமாகச் செய்யக்கூடிய அளவுக்குத்தான் முன்னெச்சரிக்கை கேட்கிறது. கான்கர் கதை தொடங்கியது வேறெங்கோ. 2004ல் கார்லைல் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர், கான்கர் ஆடும் பிள்ளைகள் போட்டுக்கொள்ளப் பாதுகாப்புக் கண்ணாடி வாங்கி வைத்தார். பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். செய்தி பரவப் பரவ, மற்ற பள்ளிகள் "எதற்கு வம்பு" என்று விளையாட்டையே நிறுத்தத் தொடங்கின. கடைசியில் அந்தச் சட்டத்தை நடத்துகிற அரசு நிறுவனமே முன்வந்து, இது கட்டுக்கதை, கான்கரில் கவலைப்படும் அளவுக்கு ஆபத்தே இல்லை, ஒருவன் இன்னொருவன் மண்டையில் வேண்டுமென்றே அடித்தால் அது ஒழுங்குப் பிரச்சினை, எங்கள் துறை இல்லை என்று அறிக்கை விட்டது. பாதுகாப்பு அதிகாரிகளின் தொழில்முறைச் சங்கம் ஒரு வருடம் கான்கர் சாம்பியன்ஷிப்புக்கு ஸ்பான்சராகவே நின்றது, தங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள! தங்கள் பெயரைச் சொல்லி யார் யாரோ போடும் தடைகளை விசாரித்து மறுப்பதற்கென்றே 2012ல் அந்த அரசு நிறுவனம் ஒரு குழுவும் அமைத்தது.

நீதிமன்றத்தின் மேல் பழி போடலாமா என்றால் அதுவும் முடியவில்லை. செஷயரில் பழைய மணல் குவாரி ஒன்று ஏரியாகி, சுற்றிலும் பூங்கா. நீந்தக் கூடாது என்று பலகை உண்டு. 1995ல் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் ஆழமில்லாத இடத்தில் தலைகீழாகப் பாய்ந்து, கழுத்து முறிந்து, முடங்கிப்போனான். கொடுமைதான். வழக்கு பிரபுக்கள் சபை வரை போய் 2003ல் தீர்ப்பாயிற்று: நஷ்டஈடு கிடையாது. சிலர் அசட்டுத்தனமாகப் பாய்வார்கள் என்பதற்காக, வாளியும் மண்வாரியுமாக வந்து மணலில் விளையாடும் குடும்பங்களின் இன்பத்தைப் பறிப்பது நியாயமில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 2006ல் நாடாளுமன்றமும், நல்ல காரியங்கள் நின்றுபோகுமா என்பதையும் நீதிமன்றம் எண்ணிப் பார்க்கலாம் என்று சட்டத்தில் எழுதி வைத்தது.

சட்டமும் கேட்கவில்லை, நீதிபதியும் கேட்கவில்லை. அப்புறம் யார்? பெற்றோர் எழுதும் புகார்க் கடிதத்துக்குப் பயந்த தலைமையாசிரியர். அவருக்குத் துணையாக இன்ஷூரன்ஸ். "தடுக்கி விழுந்தீர்களா, எங்களைக் கூப்பிடுங்கள்" என்று வக்கீல்கள் தரும் விளம்பரம். கூடாது என்று சொன்னவர் எவரும் இதுவரை வேலையிழந்ததில்லையே. நாமும் அந்த நாற்காலியைப் பார்த்தவர்கள்தானே, சாந்தி.

இதே நாட்டில்தான் இதற்கு நேர்மாறான ஒன்றும் இருக்கிறது. 1943ல், ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த கோபன்ஹேகனில், எம்ட்ரப் என்ற பகுதியில், பிள்ளைகளுக்குப் பலகை, செங்கல், சுத்தியல் கொடுத்து அவர்களே கட்டி இடித்து விளையாட ஒரு திடல் அமைத்தார்கள். போர் முடிந்ததும் அதைப் போய்ப் பார்த்த லேடி ஆலன் என்ற தோட்டக் கலைஞர் அந்த யோசனையை இங்கே கொண்டுவந்தார். குண்டு விழுந்த காலி மனைகளில் அப்படித் திடல்கள் முளைத்தன. சில இன்றும் இருக்கின்றன. லண்டனில் ஒன்றைப் பார்த்தேன். ஏழு வயதுப் பெண் ரம்பத்தால் கட்டை அறுக்கிறாள். பக்கத்தில் நிற்கும் ஊழியர் கையைப் பையில் விட்டுக்கொண்டு அவளையே பார்க்கிறார். ரம்பம் சிக்கியபோதுதான் வாயைத் திறந்தார்: "இன்னும் கொஞ்சம் மெதுவா."

ஆனால் எனக்குக் கோபம் கான்கரில் இல்லை. அது சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். மேயர் ஹில்மன் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் எழுதிய அறிக்கை ஒன்றைப் படித்தேன். 1971ல் இங்கிலாந்தில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990ல் 9 சதவீதம். இந்த இடைப்பட்ட காலத்தில் சாலையில் சாகும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது என்று அரசாங்கம் பெருமைப்பட்டது. ஹில்மன் கேட்டது இதுதான்: சாலை பத்திரமானதா, அல்லது பிள்ளைகளைச் சாலையிலிருந்தே விலக்கிவிட்டோமா? கார்கள் பெருகிக்கொண்டுதான் போயின. கொட்டைக்குக் கண்ணாடி மாட்டிய ஊர், காருக்குத் தெருவை எழுதிக் கொடுத்துவிட்டது. தம்பி வீட்டுத் தெருவில் இரு பக்கமும் கார். குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கும் புல்வெளியில் பந்து விளையாடக் கூடாது என்று பலகை.

இதை மாற்ற இந்தப் பிரிஸ்டலில்தான் 2009ல் இரண்டு தாய்மார்கள் கிளம்பினார்கள். கவுன்சிலிடம் அனுமதி வாங்கி, சில மணி நேரம் தெருவின் இரு முனைகளையும் அடைத்து, பிள்ளைகளை இறக்கிவிடுவது. இப்போது பல ஊர்களில் நடக்கிறது. போன ஞாயிறு எங்கள் தெரு முறை. என்னையும் ஒரு முனையில் நிறுத்தி, கண்ணைப் பறிக்கும் மஞ்சள் சட்டையை மாட்டிவிட்டார்கள். சேலைக்கு மேல் அது எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துக்கொள். தெருவில் குடியிருப்பவர் கார் எடுக்க வேண்டுமென்றால், நாம் முன்னால் நடக்க, அவர் பின்னால் நடை வேகத்தில் வர வேண்டும், அதுதான் முறை. அப்படி ஒருவரை அழைத்துக்கொண்டு போனேன். ஸ்கேட்டிங் பிள்ளைகள், சாக்கட்டிக் கோலம், கயிறு தாண்டும் இரண்டு பாட்டிகள் என்று எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். முனைக்கு வந்ததும் கண்ணாடியை இறக்கி, உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்:

"பிள்ளைகளை இப்படி ரோட்டில் விடுகிறீர்களே, ஆபத்து இல்லையா?"

அன்புடன்,
உன் கமலா

பி.கு.: எடின்பரோவுக்குப் போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன். நீ கேட்ட கம்பளி நூல் வாங்கியாயிற்று.