கட்டைவிரலுக்கு வந்த வேலை

புது குவாட் (நாலு சக்கர பைக்) வாங்கியாச்சு. யமஹா ஒய்எஃப்இசட்450ஆர். 449 சிசி.

முதல் ஓட்டம் மேற்கு வர்ஜீனியாவுல, ஹாட்ஃபீல்டு-மெக்காய் காட்டுத் தடத்துல.
பகைக்குப் பேர் போன ரெண்டு குடும்பத்தோட பேரு அது. நிலக்கரி எடுத்த மலைகள். 2000லேர்ந்து வண்டி ஓட்டத் தொறந்து விட்டிருக்காங்க.

"பைக் ஓட்டத் தெரியும்ல, போதும்"னாங்க.
போதாதுங்க.

ஆக்சிலேட்டர் வலது கட்டைவிரல்ல.
பின்சக்கரம் ரெண்டும் ஒரே அச்சு, ஒரே வேகம்.
அதனால வளைவுல திரும்பவே அடம்பிடிக்கும்.
வண்டிய சாய்க்க முடியாது. நாமதான் வளைவுக்கு உள்பக்கமா உடம்பத் தொங்கவிடணும்.

கல்லு, வேரு, சேறு வந்தா சீட்டுல உக்கார முடியாது. முழங்கால மடக்கி நின்னுக்கிட்டே ஓட்டணும்.
ஆபீஸ் நாற்காலியில வளந்த என் தொடை ராத்திரி முழுக்க மனு கொடுத்துச்சு.

ரிவர்ஸ் கியரும் கிடையாது.
குறுக்க மரம் கிடந்தா, இறங்கி 180 கிலோவுக்கு மேல இருக்கற வண்டியப் பின்னால தள்ளணும்.

தடத்துக்கு நிறம் போட்டு வெச்சிருக்காங்க. பச்சை சுலபம், நீலம் கஷ்டம், கறுப்பு ரொம்பக் கஷ்டம்.
நான் பச்சைல உருட்டிக்கிட்டிருந்தேன்.
ஒரு பாட்டி என்னைத் தாண்டி, கைகாட்டிட்டு, கறுப்புப் பக்கம் திரும்பிப் போனாங்க.
வீர வரலாறு அவ்வளவுதான்.

ஹெல்மெட் அங்க கட்டாயம். கட்டாயம் இல்லாத ஊர்லயும் போடுங்க, கவிழ்ந்தா வண்டி நம்ம மேலதான் வரும்.

குவாட் ஓட்டுற மக்களே,
பச்சைலேர்ந்து நீலத்துக்குப் போகலாம்னு எப்ப தைரியம் வந்துச்சு உங்களுக்கு?